இரு பக்கமும் திறக்கும் மதகு: சோலார் பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவி

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் புதுச்சேரி, கடலூர் கரையோர விவசாயிகளின் கண் வானத்தின் மீதே இருக்கும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பலா, முந்திரி, வாழை, தென்னை ஆகியவற்றைச் சாய்த்ததோடு ஆயிரக்கணக்கான மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர நாட்கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நகரின் தெருக்களிலேயே வெள்ளம் நின்றது.

இத்தகைய நாட்களில் விவசாயக் குடும்பத்திற்கு வேண்டியது அதிகமில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு விளக்கு, வீட்டில் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, செல்போனுக்கு சார்ஜ், மழை விட்டதும் மருந்து தெளிக்கத் தெளிப்பானுக்கு சார்ஜ் ஆகியவையே. இதற்காகக் கூரையின் மேல் சோலார் தகடும், திண்ணையில் பேட்டரியும் வைக்கும் வழக்கம் பரவி வருகிறது.

ஆனால், இவற்றை வாங்கிய பலரிடம் ஒரு குறை பொதுவாகக் கேட்கப்படுகிறது. 'தகடு நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரிதான் இரண்டே வருஷத்தில் செத்துப் போயிற்று' என்பதே அது. தகட்டுக்குப் பொதுவாக 25 ஆண்டுகள் வரை உத்தரவாதம் தருகிறார்கள். பேட்டரி மட்டும் ஏன் விரைவில் போகிறது? பெரும்பாலும் குற்றம் பேட்டரியுடையது அன்று. அதற்குள் மின்சாரம் போவதையும் வருவதையும் ஒழுங்கு செய்யும் கருவி இல்லாமையோ, இருந்தும் சரியாக அமைக்கப்படாமையோதான் காரணம். அந்தக் கருவியே இருவழிக் கன்வெர்ட்டர். இதனைப் பற்றி அறிந்து கொண்டு வாங்கினால் பேட்டரிக்குப் போடும் பணம் வீணாகாது.

ஏரியும் மதகும்

புதுச்சேரி விவசாயிகளுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகூர் ஏரியைப் பார்த்தாலே போதும். பெண்ணையாற்றில் வெள்ளம் வரும்போது சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் ஏரிக்கு வந்து சேர்கிறது. ஆறு வற்றிய பின் ஏரியின் மதகுகள் வழியாக வயலுக்குப் பாய்கிறது. வெள்ளம் மிகுந்தால் கலிங்கு வழியாக வெளியேறுகிறது.

சோலார் அமைப்பும் இப்படித்தான். சூரியன்தான் ஆறு. பேட்டரி ஏரி. விளக்கும் விசிறியும் வயல். இவை மூன்றையும் இணைக்கும் மின்கம்பி வாய்க்கால். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஏரிக்கு நீர் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. பேட்டரிக்கோ வருவதும் போவதும் ஒரே வழி. ஆகவே இரு பக்கமும் திறக்கக் கூடிய மதகு ஒன்று தேவைப்படுகிறது. பகலில் வாய்க்காலிலிருந்து ஏரிக்குள் நீரை ஏற்ற வேண்டும்; இரவில் அதே மதகு வழியாக ஏரியிலிருந்து வாய்க்காலுக்கு விட வேண்டும். இதைச் செய்வதுதான் இருவழிக் கன்வெர்ட்டர்.

டி.சி. மின்சாரம் ஏன்?

சோலார் தகடு தருவது டி.சி. மின்சாரம். பேட்டரி வாங்குவதும் கொடுப்பதும் டி.சி. எல்.இ.டி. விளக்கு, செல்போன், பேட்டரித் தெளிப்பான், இக்காலத்துச் சிக்கன மின்விசிறி ஆகியவை உள்ளே டி.சி.யில்தான் இயங்குகின்றன. அப்படியிருக்க, டி.சி.யை இன்வெர்ட்டர் மூலம் ஏ.சி.யாக்கி, மறுபடியும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் டி.சி.யாக்குவதால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஓரளவு மின்சாரம் சூடாக வீணாகிறது. நெல்லை அரிசியாக்கி, அரிசியை மறுபடி நெல்லாக்க முயல்வதைப் போன்றது இது.

இதை உணர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இன்வெர்ட்டர் இல்லாத 48 வோல்ட் டி.சி. அமைப்பு ஒன்றை உருவாக்கினர். ராஜஸ்தானின் பாலைவனப் பகுதிகளில் மின்கம்பி எட்டாத சுமார் 4,000 வீடுகளில் இம்முறை அமைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 125 வாட் தகடும் ஒரு சிறிய பேட்டரியும் கொண்டே விளக்கு, விசிறி, செல்போன் சார்ஜ் ஆகியவை கிடைத்தன.

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் மாத்ரி மந்திருக்காக 1990-களின் இறுதியிலேயே சுமார் 36 கிலோவாட் திறனுள்ள சோலார் மின் நிலையம் பேட்டரிகளுடன் அமைக்கப்பட்டது. ஆகவே சூரிய ஒளியைப் பகலில் சேமித்து இரவில் செலவிடுவது இப்பகுதிக்குப் புதிதன்று. அதைச் சிறு விவசாயியின் அளவுக்குக் கொண்டு வந்திருப்பதே புதிது.

48 வோல்ட் ஏன் என்ற கேள்வி எழலாம். 480 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். ஆம்பியர் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே கம்பியில் வீணாகும் மின்சாரம் பதினாறில் ஒரு பங்காகிறது. வீட்டிலிருந்து கொட்டகைக்கு நீண்ட கம்பி இழுப்பவர்களுக்கு இது பெரிய லாபம். 230 வோல்ட்டைப் போல 48 வோல்ட் உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிப்பதும் இல்லை.

கருவிக்குள் நடப்பது என்ன?

கருவியைத் திறந்து பார்த்தால் முக்கியமாக இருப்பவை ஒரு செப்புக் கம்பிச் சுருளும் இரண்டு மின்னணு ஸ்விட்சுகளுமே. இந்த ஸ்விட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. மேல் ஸ்விட்ச் திறந்திருக்கும்போது கீழ் ஸ்விட்ச் மூடியிருக்கும். கீழ் திறந்தால் மேல் மூடும்.

24 வோல்ட் பேட்டரியையும் 48 வோல்ட் லைனையும் எடுத்துக் கொள்வோம். கீழ் ஸ்விட்ச் வழியே பேட்டரி மின்சாரம் ஓடும்போது கம்பிச் சுருள் அந்த ஆற்றலைத் தன்னிடம் வைத்துக் கொள்கிறது. கீழ் ஸ்விட்ச் அடைபட்டு மேல் ஸ்விட்ச் வழி விட்டதும், சுருளின் ஆற்றலும் பேட்டரியின் ஆற்றலும் சேர்ந்து 48 வோல்ட் லைனுக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு ஸ்விட்சுகளும் சரி பாதி நேரம் வேலை செய்தால் 24 வோல்ட் 48 வோல்ட் ஆகிறது. இந்தப் பாதி என்ற அளவைச் சற்றே கூட்டிக் குறைத்தால் மின்சாரம் ஓடும் திசையே மாறி, லைனிலிருந்து பேட்டரிக்குச் செல்லத் தொடங்கும். தனியாக ஒரு சார்ஜர், தனியாக ஒரு ஏற்றும் கருவி என்று இரண்டு வாங்க வேண்டியதில்லை.

இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே சமயத்தில் வழி விட்டால் லைனின் இரு முனைகளும் நேராக இணைந்து கருவி எரிந்து போகும். ஆகவே ஒன்று மூடிய பின் மிகச் சிறிய இடைவெளி விட்டே மற்றது திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மட்டமான மலிவுக் கருவிகள் எரிந்து போவதற்கு இந்த இடைவெளி சரியாக இல்லாமையும் ஒரு காரணம்.

மற்றொரு குறிப்பு. இவ்வகைக் கருவியில் லைனின் வோல்ட் எப்போதும் பேட்டரியின் வோல்ட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே 48 வோல்ட் லைனுக்கு 24 வோல்ட் பேட்டரி பொருத்தமானது. 48 வோல்ட் பேட்டரி ஏற்கனவே இருந்தால் அதற்கென அமைந்த வேறு வகைக் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

நீர்க்கட்டியின் வேலை

மதகு இருந்தால் மட்டும் போதாது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று அறிந்த நீர்க்கட்டி வேண்டும். கருவிக்குள் இருக்கும் சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுச் சில்லு அந்த நீர்க்கட்டி.

நீர்க்கட்டி வாய்க்காலில் உள்ள அளவுக் கல்லைப் பார்க்கிறார். நீர் மட்டம் கல்லுக்கு மேல் போனால் ஏரிக்குத் திருப்புகிறார். கீழே இறங்கினால் ஏரியிலிருந்து விடுகிறார். கட்டுப்பாட்டுச் சில்லும் லைனின் வோல்ட்டைப் பார்க்கிறது. வெயில் ஏறி, லைன் 48-ஐத் தாண்டி 49 வோல்ட்டாக உயர்ந்தால் மிச்சம் இருக்கிறது என்று பொருள், பேட்டரிக்கு ஏற்றுகிறது. மேகம் மறைத்து 47 ஆகக் குறைந்தால் பேட்டரியிலிருந்து கொடுக்கிறது. 48-ஐ ஒட்டிய சிறு இடைவெளியில் சும்மா இருக்கிறது. இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் ஏற்றுவதும் இறக்குவதுமாகத் தடுமாறி, பேட்டரி வீணாகத் தேயும்.

இந்தக் கட்டுப்பாடு இரண்டு அடுக்காக நடைபெறுகிறது. வெளி அடுக்கு லைனின் வோல்ட்டைப் பார்த்து 'இவ்வளவு ஆம்பியர் வேண்டும்' என்று உத்தரவிடுகிறது. உள் அடுக்கு அந்த ஆம்பியர் மட்டுமே ஓடும்படி ஸ்விட்சுகளை இயக்குகிறது. உள் அடுக்கு மிக வேகமாகவும், வெளி அடுக்கு நிதானமாகவும் வேலை செய்ய வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால், ஒரே ஷட்டரை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் திருப்புவது போலாகி வோல்ட் மேலும் கீழும் ஆடும். விளக்கு மினுக்குவது இதன் அறிகுறி. புதிதாகப் பொருத்திய கருவியில் விசிறியை நிறுத்திப் போடும்போது விளக்கு தொடர்ந்து மினுக்கினால், உடனே விற்றவரை அழைத்துச் சரி செய்யச் சொல்ல வேண்டும்.

ஆம்பியருக்கு வரம்பு இருப்பதும் முக்கியம். ஈய அமில பேட்டரியை அதன் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவது நல்லது. அதாவது, 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 10 ஆம்பியர். மாடு வேகமாகத் தின்றால் செரிக்காது என்பது போல, பேட்டரியும் அளவுக்கு மேல் வேகமாக ஏற்றினால் சூடேறிக் கெடும்.

ஏரி நிரம்பினால், ஏரி வற்றினால்

பேட்டரி நிரம்பிய பிறகும் வெயில் அடித்துக் கொண்டிருந்தால் என்ன செய்வது? ஏரிக்குக் கலிங்கு இருப்பதைப் போல இங்கும் வடிகால் வேண்டும். சோலார் தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவி தகட்டிலிருந்து எடுப்பதைத் தானே குறைத்துக் கொள்வது ஒரு வழி. அந்த உபரியைக் கொண்டு சிறு டி.சி. மோட்டாரை ஓட்டித் தொட்டியில் நீர் நிரப்புவது அதைவிடச் சிறந்த வழி. வீணாகும் வெயில் நீராகச் சேரும்.

பேட்டரி வற்றும்போது முறைப் பாசனத்தை நினைத்துக் கொள்ள வேண்டும். கடைசிச் சொட்டு வரை எல்லா வயலுக்கும் விட்டு, ஏரியைக் காய விடுவதில்லை. எது முதலில் காய்ந்தால் தாங்கும் என்று பார்த்து அதை நிறுத்துகிறோம். அதே போல, பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் விசிறியும் தெளிப்பான் சார்ஜரும் தாமாக நிற்கும்படியும், விளக்கும் செல்போனும் மட்டும் தொடரும்படியும் அமைக்கலாம். வாங்கும்போதே சுமைகளை இரண்டு பிரிவாகப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும்.

எந்த பேட்டரிக்கு என்ன அளவு?

கருவியில் பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். இதைத் தவறாக வைப்பதே பேட்டரி சாவதற்குப் பெரும் காரணம். 24 வோல்ட் அமைப்புக்குப் பொதுவான அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. பேட்டரியுடன் வரும் குறிப்பேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஈய அமில பேட்டரி (12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக): ஏற்றும் உச்ச அளவு 28.8 வோல்ட். நிரம்பிய பின் தாங்கி நிற்கும் அளவு 27.2 முதல் 27.6 வரை. சுமையை நிறுத்த வேண்டிய கீழ் அளவு சுமார் 23.5 முதல் 24 வோல்ட். பாதிக்கு மேல் செலவழிக்காமல் இருப்பது ஆயுளைக் கூட்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி (8 செல்கள், 25.6 வோல்ட்): ஏற்றும் உச்ச அளவு 28 முதல் 28.4 வோல்ட். கீழ் அளவு 24 வோல்ட். கொள்ளளவில் 80 சதம் வரை பயன்படுத்தலாம்.

லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று உண்டு. அது 29.2 வோல்ட்டை நெருங்கினால் பேட்டரியைத் துண்டித்துவிடும். சிலர், 'காவல் சுற்றுதான் இருக்கிறதே' என்று கருவியின் அளவை உயர்த்தி வைக்கிறார்கள். இது தவறு. வெயில் உச்சியில் பேட்டரி திடீரெனத் துண்டிக்கப்பட்டால், போக வழியில்லாத மின்சாரத்தால் லைனின் வோல்ட் எகிறி விளக்கும் விசிறியும் பழுதாகும். கருவி முதலில் நிறுத்த வேண்டும். காவல் சுற்று கடைசிக் காவலாக மட்டும் இருக்க வேண்டும்.

கோடை வெயிலும் கவனத்திற்குரியது. ஈய அமில பேட்டரி 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு ஏற்றும் அளவை 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைக்க வேண்டும். வெப்ப உணர்வுக் கம்பி உள்ள கருவி இதைத் தானே செய்யும். அந்தக் கம்பியை பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். சுவரில் தொங்கவிடுவதால் பயனில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கால் காணி கீரையும் இரண்டு கறவை மாடுகளும் வைத்து, விளைந்ததைப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்ளலாம்.

9 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி.
30 வாட் டி.சி. மின்விசிறி ஒன்று, 8 மணி நேரம்: 240 வாட்-மணி.
செல்போன் இரண்டு, ரேடியோ: 30 வாட்-மணி.
பேட்டரித் தெளிப்பான் (12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி) ஒரு முறை: சுமார் 100 வாட்-மணி.
ஆக மொத்தம் 550 வாட்-மணி. அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

புயல் மழையில் இரண்டு நாள் வெயில் வராவிட்டாலும் தாங்க வேண்டுமானால் 1,100 வாட்-மணி தேவை. ஈய அமில பேட்டரியில் பாதியே எடுக்க வேண்டும் என்பதாலும், வழியில் சிறிது வீணாகும் என்பதாலும் சுமார் 2,400 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இதற்குச் சரியாக இருக்கும். லித்தியமானால் 25.6 வோல்ட், 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். தகடு 300 முதல் 350 வாட் வரை இருந்தால், மழை விட்ட பிறகு அன்றாடச் செலவோடு பேட்டரியையும் மீண்டும் நிரப்பிவிடும்.

பாசனத்துக்கு பேட்டரி வேண்டுமா?

இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. வேண்டாம் என்பதே பொதுவான விடை. 30 மீட்டர் ஆழத்திலிருந்து 10,000 லிட்டர் நீரை இறைக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இதை பேட்டரியில் சேமித்து இரவில் இறைப்பதைவிட, பகலிலேயே இறைத்து 10,000 லிட்டர் தரைத் தொட்டியில் வைத்துக் கொள்வது மலிவு. சிமெண்டுத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதும் இல்லை. தொட்டியே விவசாயியின் மலிவான பேட்டரி.

இதில் மற்றொரு அபாயமும் உள்ளது. புதுச்சேரிக் கரையோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் பல இடங்களில் கடல் நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துவிட்டன. சோலார் பம்பு வெயில் உள்ளவரை மட்டுமே இறைப்பது ஒரு வகையில் இயற்கையான கட்டுப்பாடு. பெரிய பேட்டரி வைத்து இரவும் இறைத்தால் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். இன்று மிச்சமான மின்சாரம் நாளை உவர்நீராகத் திரும்பி வரும். பேட்டரி விளக்குக்கும் சிறு கருவிகளுக்கும் இருக்கட்டும். பாசனத்துக்குத் தொட்டியும் சொட்டு நீரும் இருக்கட்டும்.

பலர் சேர்ந்து வைத்தால்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிப் பகுதி ஏரிகளை விவசாயிகளே சேர்ந்து கவனித்த அமைப்புகள் இருந்தன. அது போல நான்கைந்து குடும்பங்கள் ஒரே டி.சி. லைனில் தத்தம் பேட்டரிகளை இணைத்துக் கொள்ளலாம். அப்போது எந்த பேட்டரி எவ்வளவு கொடுப்பது என்ற தகராறு எழக் கூடாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியும் அதிக ஆம்பியர் கொடுக்கக் கொடுக்கத் தன் வோல்ட்டைச் சிறிதளவு தாழ்த்திக் கொள்ளும்படி அமைக்கிறார்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு ஆம்பியருக்கு 0.1 வோல்ட்டும், 50 ஆம்பியர்-மணி பேட்டரி 0.2 வோல்ட்டும் தாழ்த்துவதாகக் கொள்வோம். சுமை 15 ஆம்பியரானால் லைன் 48-லிருந்து 47 வோல்ட்டாக இறங்கும். பெரியது 10 ஆம்பியரும் சிறியது 5 ஆம்பியரும் கொடுக்கும். ஒன்றோடொன்று பேசிக் கொள்ளாமலே வலுவுக்கு ஏற்றபடி சுமையைப் பகிர்ந்து கொள்கின்றன. இருவர் காவடி கட்டிச் சுமக்கும்போது வலுவுள்ளவர் பக்கம் சுமையை நகர்த்தி வைப்பது போன்றதே இது. ஆனால் கம்பி மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் இக்கணக்கு பிசகி, அருகில் உள்ள பேட்டரி அதிகம் உழைத்து முதலில் கெடும். ஆகவே தடித்த கம்பி அவசியம்.

பாதுகாப்பு

1. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே டி.சி. பியூஸ் போட வேண்டும். லைனில் ஷார்ட் ஏற்பட்டால் இவ்வகைக் கன்வெர்ட்டர் தானாக மின்சாரத்தை நிறுத்த இயலாது. மேல் ஸ்விட்ச் மூடியிருந்தாலும் பேட்டரி மின்சாரம் அதன் வழியே பாய்ந்துவிடும். பியூஸ் ஒன்றே காப்பு.

2. ஏ.சி.க்கான எம்.சி.பி.யை டி.சி. லைனில் போடக் கூடாது. டி.சி.யில் தீப்பொறி தானே அணையாது. டி.சி. என்று அச்சிட்ட எம்.சி.பி.யையே வாங்க வேண்டும்.

3. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு, பிறகு பேட்டரி. இந்த வரிசை மாறக் கூடாது.

4. கடற்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும். மாதம் ஒரு முறை துடைத்து வாசலின் தடவ வேண்டும். ஈய அமில பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்; கிணற்று நீர் கூடாது.

5. ஈய அமில பேட்டரி ஏறும்போது எரியும் தன்மையுள்ள வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகில் பீடி, விளக்கு, அடுப்பு கூடாது.

6. கடந்த வெள்ளத்தில் நீர் நின்ற அளவுக்கு மேலே பலகை அமைத்து பேட்டரியையும் கருவியையும் வைக்க வேண்டும். நீரில் மூழ்கிய கருவியைக் காய வைத்துப் போட்டுப் பார்க்கக் கூடாது. தகட்டின் சட்டத்தைப் புயலைத் தாங்கும்படி கான்கிரீட்டில் பதிக்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கருவி எந்த வோல்ட் பேட்டரிக்கும் எந்த வோல்ட் லைனுக்கும் ஆனது? ஏற்றும் ஆம்பியரை மாற்றி வைக்க முடியுமா? ஈய அமிலம், லித்தியம் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டா? வெப்ப உணர்வுக் கம்பி உண்டா? வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் திரை உண்டா? பழுதானால் புதுச்சேரியிலோ அருகிலோ சரி செய்ய ஆள் உண்டா? பேட்டரிக்கும் கருவிக்கும் தனித்தனி உத்தரவாதச் சீட்டு தருகிறார்களா? இக்கேள்விகளுக்கு நேரான விடை தராத கடையில் வாங்காமல் இருப்பதே உசிதம். குறைந்தது மூன்று இடங்களில் விலை கேட்டு, பில் பெற்றே பணம் செலுத்த வேண்டும்.

வாங்கிய பின் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பேட்டரியின் வோல்ட்டை எழுதி வைப்பது மிகவும் பயன் தரும். அதே செலவில் காலை அளவு வாரத்துக்கு வாரம் குறைந்து கொண்டே வந்தால், பேட்டரி முழுதாக நிரம்பவில்லை அல்லது ஒரு செல் கெடுகிறது என்று பொருள். தகட்டில் தூசியோ மர நிழலோ விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பால் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையன்று. ஆனால் ஒரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்தும்.

சோலார் பம்புகளுக்கு மானியம் அளிக்க மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. நடப்பு மானிய விவரங்களைப் புதுச்சேரி வேளாண் துறை அலுவலகத்திலும், புதுச்சேரி புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையிலும் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். பயிர், கால்நடைத் தேவைக்கேற்ற யோசனைகளுக்குக் குரும்பாப்பட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஏரி எவ்வளவு பெரியதாயினும் மதகு கெட்டால் வயல் காயும், இல்லையேல் கரை உடையும். பேட்டரியும் அப்படியே. அடுத்த மழைக் காலத்துக்கு முன்பே, வீட்டில் உள்ள கருவியின் அளவுகள் சரியாக வைக்கப்பட்டுள்ளனவா, பேட்டரி அருகே பியூஸ் உள்ளதா என்ற இரண்டையும் விவசாயிகள் ஒரு முறை சோதித்துக் கொள்வது நலம்.